பழங்கால கார்களின் கதவு தொங்குவது ஏன்? சீராக்கும் முறை என்ன?

அரை நூற்றாண்டைக் கடந்த பல கார்களில் கதவை மூடும்போது அது தானாகப் பூட்டில் சென்று அமர்வதில்லை. கைப்பிடியைப் பிடித்துச் சற்றுத் தூக்கி அடைக்க வேண்டியிருக்கிறது. பழங்கால கார்களைப் புதுப்பிப்போர் பலரும் எதிர்கொள்ளும் இந்தச் சிக்கலில், கதவைக் காட்டிலும் அதைத் தாங்கும் பகுதிகளிலேயே பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

விதி சொல்வது என்ன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாடற்ற இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழங்கால வாகனங்களாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, அது 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். ஆனால் வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரிய சீரமைப்பு நடந்திருக்கக் கூடாது. எனவே, காரணத்தை அறியாமல் கதவையோ தூணையோ வெட்டித் திருத்துவது உரிமையாளருக்கே பாதகமாக முடியலாம்.

மூன்று காரணங்கள்

முதலாவது, கீல் ஊசியின் தேய்மானம். இரண்டாவது, கீலைத் தாங்கும் தூணின் பலவீனம். 1920, 30-களில் வந்த பல கார்களில் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் உண்டு. மரம் உளுத்தால் திருகு பிடிக்காது. மூன்றாவது, பாடியே வளைந்திருப்பது. சேசிஸ் தனியாக உள்ள கார்களில், பாடிக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள ரப்பர் நசுங்கினால் கதவு வாசலின் வடிவம் மாறிவிடும். 1957 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடருக்குத் தனி சேசிஸ் கிடையாது. அதில் வாசலுக்குக் கீழுள்ள சில் பகுதி துருப்பிடித்தால் பாடியின் உறுதியே குறைகிறது.

கண்டறிவது எப்படி?

கதவைப் பாதி திறந்து, அதன் வெளி ஓரத்தை மேலும் கீழுமாக அசைத்துப் பார்க்க வேண்டும். கீலின் இணைப்பில் மட்டும் ஆட்டம் இருந்தால் ஊசி தேய்ந்துள்ளது. கீலோடு சேர்ந்து தூணும் அசைந்தால் கோளாறு தூணில் உள்ளது. கீலில் ஆட்டமே இல்லாமல், வாசலின் இரு பக்கமும் மேலே இடைவெளி குறுகி, கீழே அகன்றிருந்தால் பாடியின் நடுப்பகுதி இறங்கியுள்ளது.

சீராக்கும் வரிசை

காரைச் சமதளத்தில், சொந்தச் சக்கரங்களில் நிறுத்தி வேலையைத் தொடங்க வேண்டும். பாடியின் நடுப்பகுதி இறங்கியிருந்தால், முதலில் உரிய தூணுக்குக் கீழே புதிய ரப்பரோ ஷிம் எனப்படும் மெல்லிய தகடோ வைத்து உயர்த்த வேண்டும். அடுத்து, தேய்ந்த கீலின் துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் பருமனான ஊசியோ பித்தளை புஷ்ஷோ பொருத்தலாம். அதன் பின்னரே கதவைச் சரிசெய்ய வேண்டும்.

அப்போது பூட்டு கொக்கும் தகட்டைக் கழற்றிவிட வேண்டும். இல்லையெனில் அது கதவைத் தூக்கிப் பிடித்து உண்மை நிலையை மறைத்துவிடும். கீழ்க் கீலுக்கும் தூணுக்கும் இடையே ஒரு ஷிம் வைத்தால் கதவின் வெளி ஓரம் உயரும். மேல் கீலிலிருந்து ஒரு ஷிம்மை எடுத்தாலும் அதே பலன் கிடைக்கும். நான்கு கதவுள்ள கார்களில் பின்கதவு முதலில், முன்கதவு அடுத்து, மட்கார்டு கடைசியில் என்பதே சரியான வரிசை. காரணம், பின்பக்கப் பாடியை நகர்த்த இயலாது.

துருப்பிடித்த சில்லை மாற்ற நேர்ந்தால், வெட்டுவதற்கு முன் வாசலின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துத் தாங்க வேண்டும். தவறினால் வாசல் சுருங்கி, பழைய கதவு பொருந்தாமல் போகும்.

பெயின்ட் அடிப்பதற்கு முன், புதிய ரப்பர் பட்டையைப் பொருத்தி ஒருமுறை மூடிப் பார்ப்பது அவசியம். தடித்த ரப்பர் கதவை வெளியே தள்ளக்கூடும். பெயின்ட் அடித்த பின் கீலைத் தளர்த்தினால், ஓரங்கள் உரசி பல மாத உழைப்பு ஒரே நாளில் வீணாகிவிடும்.