நேற்றைய கைதட்டலும் இன்றைய கூச்சலும்

விளையாட்டு வீரர் ஒருவரை ஒரு வருடம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் இரசிகர்கள், மறு வருடமே அவரைப் பார்த்துக் கூச்சலிடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கிரிக்கெட்டில் இது அடிக்கடி நடக்கும் சங்கதி. ஆனால், மாறியது வீரரா அல்லது அவரை அளக்கும் எமது அளவுகோலா என்று நாம் கேட்பது குறைவு. கல்லூரிக் கூடைப்பந்தாட்ட அணியில் விளையாடுபவள் என்ற வகையிலும், உயர்தரத்தில் கணிதம் கற்பவள் என்ற வகையிலும் இந்தக் கேள்வி என்னை நீண்ட நாட்களாகச் சிந்திக்க வைத்தது. இதற்கு விடை தேடப் பொருத்தமான உதாரணமாக எனக்குத் தென்பட்டவர் ஜூலியஸ் ரண்டில் என்ற அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர்.

யார் இந்த ரண்டில்?

1994ஆம் ஆண்டு டலஸ் நகரில் பிறந்த ரண்டிலை, 2014இல் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரில் அவர் ஆடிய முதலாவது போட்டியிலேயே கால் எலும்பு முறிந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவரால் விளையாட முடியவில்லை. பின்னர் மீண்டெழுந்து, நியூ ஓர்லியன்ஸ் அணியில் ஒரு வருடம் ஆடி, 2019இல் நியூயோர்க் நிக்ஸ் அணியில் சேர்ந்தார்.

நிக்ஸ் இரசிகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரண்டில் சேர்ந்தபோது, இவ்வணி கடைசியாகச் சம்பியனாகியிருந்தது 1973இல். ஆயினும், மடிசன் ஸ்குவெயார் கார்டன் அரங்குக்கு வரும் கூட்டம் குறைவதில்லை. நீண்ட காலம் ஏமாந்தவர்கள் என்பதால் அவர்களது மகிழ்ச்சியும் பெரிது, கோபமும் பெரிது.

மூன்று பருவங்கள், மூன்று எண்கள்

ரண்டில் நியூயோர்க்கில் ஆடிய முதல் மூன்று பருவங்களில், ஒரு போட்டிக்கு அவர் பெற்ற சராசரிப் புள்ளிகளைப் பாருங்கள்.

2019-20 பருவத்தில் 19.5.
2020-21 பருவத்தில் 24.1.
2021-22 பருவத்தில் 20.1.

முதலாவது பருவத்தில் இரசிகர்கள் அவரைப் பெரிதாக மெச்சவில்லை. இரண்டாவது பருவத்தில் எல்லாமே தலைகீழானது. முன்னர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியேயிருந்து எறிந்தவற்றில் 27.7 வீதத்தையே கூடையில் சேர்த்தவர், அவ்வருடம் 41.1 வீதத்தைச் சேர்த்தார். 2013இற்குப் பிறகு முதற்தடவையாக நிக்ஸ் அணி இறுதிச் சுற்றுத் தொடருக்குத் தகுதி பெற்றது. கூடிய முன்னேற்றம் கண்ட வீரருக்கான விருதும் ரண்டிலுக்கே கிடைத்தது. பெருந்தொற்றுக் காலத்தின் பின் அரங்கம் திறந்தபோது, உள்ளே வந்த சில ஆயிரம் பேரும் அவரது பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தனர்.

அதே வருடத்து இறுதிச் சுற்றுத் தொடரில் அட்லாண்டா ஹோக்ஸ் அணியிடம் நிக்ஸ் 4-1 எனத் தோற்றது. அத்தொடரில் ரண்டில் எறிந்த பந்துகளில் மூன்றில் ஒரு பங்கு கூட கூடையில் விழவில்லை. அடுத்த பருவத்தில் சராசரி 20.1 ஆக இறங்கியது. கூச்சல் ஆரம்பமானது.

2022 ஜனவரி 6ஆம் திகதி பொஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு எதிரான போட்டியில் நிக்ஸ் ஒரு கட்டத்தில் 25 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. அரங்கம் சொந்த அணியையே ஏளனம் செய்தது. பின்னர் அணி மெல்ல மெல்ல எழுந்து வந்தது. சற்று முன் ஏசிய அதே கூட்டம் இப்போது ஆரவாரித்தது. அந்நேரம் ரண்டில் கூட்டத்தை நோக்கித் தனது பெருவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். இறுதிக் கணத்தில் ஆர்.ஜே. பரெட் எறிந்த பந்தினால் நிக்ஸ் 108-105 என வென்றது. ஆனாலும் மறுநாள் பேச்செல்லாம் அந்த விரலைப் பற்றியதாகவே இருந்தது. அந்தச் சைகையின் பொருள் என்னவென்று கேட்டபோது, வாயை மூடுங்கள் என்பதே என்று கடுஞ்சொல் கலந்து சொன்னார். அதற்காக அவருக்கு 25,000 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவரும் பின்னர் மன்னிப்புக் கேட்டார்.

அவர் செய்தது சரியென்று நான் வாதிட வரவில்லை. ஆனால், அந்த மூன்று எண்களையும் இன்னுமொரு தடவை பாருங்கள். கூச்சலை வாங்கித் தந்த 20.1, இரண்டு வருடங்களுக்கு முன்னைய 19.5ஐ விடக் கூடியது. 24.1 என்ற எண் இடையில் வராதிருந்தால், 20.1 என்பது சிறு முன்னேற்றமாகவே கருதப்பட்டிருக்கும். ஒரு நல்ல வருடம் எல்லோருடைய அளவுகோலையும் உயர்த்திவிட்டது. அதன் பின்னர் பழைய உயரம் பள்ளமாகத் தெரிந்தது.

ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது?

திறமை சிறிதும் மாறாத ஒருவரது ஆட்டமும் கூட நாளுக்கு நாள் மாறும். இதனை நிகழ்தகவுக் கணக்கொன்றினால் விளக்கலாம்.

ஒரு வீராங்கனை தூரத்திலிருந்து எறியும் பந்துகளில் 35 வீதம் கூடையில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒவ்வொரு போட்டியிலும் ஆறு தடவை எறிகிறார். களைப்பு இல்லை, காயம் இல்லை, மனக்கவலை இல்லை. ஒவ்வொரு எறிகையும் மற்றையதைச் சாராதது. ஆறும் தவறுவதற்கான நிகழ்தகவு 0.65ஐ ஆறு தடவை பெருக்க வருவது, அதாவது சுமார் 0.075. ஒரு பருவத்துக்கு 82 போட்டிகள் என்றால், ஏறத்தாழ ஆறு போட்டிகளில் அவரால் ஒரு பந்தைக்கூடச் சேர்க்க முடியாது. அதேபோல் நான்கோ அதற்கு மேலோ விழும் போட்டிகள் ஒன்பது அல்லது பத்து வரும்.

முதல் வகைப் போட்டியைப் பார்த்தவர் “இவருக்கு ஆட்டமே வராது” என்பார். இரண்டாம் வகையைப் பார்த்தவர் “இவரைப் போல் யாருண்டு?” என்பார். இரண்டு நாட்களிலும் ஆடியவர் ஒரே திறமையுள்ள ஒரே ஆள்தான்.

இரண்டாவது விடயம், சராசரியை நோக்கித் திரும்புதல். கணிதப் பாடத்தில் ‘இடை’ என்று நாம் படிப்பதோடு தொடர்புடையது இது. 1886இல் பிரான்சிஸ் கோல்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் பெற்றோரின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள். ஆனால் பெற்றோர் சராசரியிலிருந்து விலகியிருந்த அளவுக்கு அவர்கள் விலகவில்லை. குள்ளமான பெற்றோரின் பிள்ளைகளும் அப்படியே சராசரிப் பக்கம் நகர்ந்திருந்தார்கள்.

விளையாட்டிலும் இதுவே நடக்கிறது. மிகச் சிறந்த ஒரு பருவத்தில் திறமையும் உழைப்பும் இருக்கும், அவற்றோடு சிறிது நல்வாய்ப்பும் சேர்ந்திருக்கும். அடுத்த வருடம் திறமை கூடவே வரும். அதே அளவு நல்வாய்ப்பும் மறுபடி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே உச்சத்துக்கு அடுத்தது பெரும்பாலும் இறக்கமாகவே இருக்கும். ரண்டிலின் 41.1 வீதம் அடுத்த பருவத்தில் 30.8 வீதமானதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

எல்லாம் அதிர்ஷ்டமா?

இல்லை. உண்மையான காரணங்களும் உண்டு. ரண்டில் சிறப்பாக ஆடத் தொடங்கியதும், எதிரணிகள் அவரைத் தடுக்க இருவரை நிறுத்தின. அணியின் சுமையும் அவர் ஒருவர் மீதே அதிகம் விழுந்தது. 2022இல் ஜெலன் பிரன்சன் என்ற திறமையான வீரர் நிக்ஸில் சேர்ந்து அச்சுமையில் பாதியைத் தாங்கியபோது, ரண்டிலின் சராசரி 25.1 ஆக உயர்ந்தது. ஏசியவர்கள் திரும்பவும் கைதட்டினார்கள்.

“இன்று இவருடைய கை சூடாக இருக்கிறது” என்று இரசிகர்கள் சொல்வதுண்டு. 1985இல் தொமஸ் கிலோவிச் முதலிய மூன்று ஆய்வாளர்கள், பிலடெல்பியா அணியின் பதிவுகளை ஆராய்ந்து, அப்படியொன்றைக் காணவில்லை என்றார்கள். 2018இல் மில்லர், சன்ஹுர்ஹோ என்ற இருவர், பழைய ஆய்வின் கணக்கிடும் முறையில் நுண்ணியதொரு சாய்வு இருந்ததைக் காட்டினார்கள். அதைத் திருத்தினால் ‘சூடான கை’ ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆகவே, எல்லாமே தற்செயல் என்று ஒதுக்குவதும் தவறு, ஒவ்வோர் ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு பெரிய காரணம் கற்பிப்பதும் தவறு.

புகழ்ச்சியும் ஏச்சும்

பொருளியலுக்கான நோபல் பரிசை 2002இல் பெற்ற உளவியலாளர் டானியல் கானமன், விமானப் பயிற்றுநர் ஒருவர் தன்னிடம் சொன்னதை எழுதியிருக்கிறார். “நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை கெடுக்கிறான். கெடுத்தவனை ஏசினால் அடுத்த முறை திருந்துகிறான். ஆகவே ஏசுவதுதான் பயன் தரும்” என்பது அப்பயிற்றுநரின் வாதம்.

அவர் கண்டது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை. மிக நன்றாகப் பறந்த மாணவன், பாராட்டினாலும் பாராட்டாவிட்டாலும் அடுத்த முறை சராசரியை நோக்கி இறங்குவான். மிக மோசமாகப் பறந்தவன், ஏசாவிட்டாலும் சற்று ஏறுவான். ஏச்சுக்கு உரியதல்லாத பெருமை ஏச்சுக்குப் போய்ச் சேருகிறது.

இந்த இடத்தில்தான் நியூயோர்க் அரங்கம் எமது வீடுகளுக்கு மிக அருகில் வருகிறது. வழக்கமாக 75 அளவில் புள்ளிகள் எடுக்கும் ஒரு மாணவி, ஒரு தவணையில் 91 எடுக்கிறாள். நன்கு படித்திருந்தாள், படித்த பகுதியிலிருந்தே கேள்விகளும் வந்தன. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அளவில்லாத சந்தோஷம். உறவினர் வீடுகளுக்கெல்லாம் செய்தி போகிறது. அடுத்த தவணையில் அவள் எடுப்பது 79. “ஏன் இவ்வளவு குறைந்தது? எந்நேரமும் போனில்தானே இருந்தாய்?” என்ற கேள்வி எழுகிறது. 75இலிருந்து 79இற்கு அவள் முன்னேறியிருக்கிறாள் என்பதை வீட்டில் யாரும் காண்பதில்லை. காலப்போக்கில் அவளும் காண்பதில்லை. தான் கெட்டுப்போய்விட்டதாகவே நம்பத் தொடங்குகிறாள். ரண்டில் கூட்டத்தை நோக்கி விரலைக் காட்டினார். எங்களில் பலர் எதையும் காட்டாமல் மௌனமாகிவிடுகிறோம்.

அன்பின் பெற்றோரே, பெறுபேற்று அட்டையைக் கையில் எடுக்கும்போது கடந்த தவணையுடன் மட்டும் ஒப்பிடாதீர்கள். மூன்று நான்கு தவணைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு தவணை இறங்கியதற்காக வீட்டைக் கலக்க வேண்டாம். தொடர்ந்து இறங்கினால் காரணம் இருக்கக்கூடும். அப்போது ஏசுவதற்கு முன் கேளுங்கள். கண் பார்வையாக இருக்கலாம், விளங்காத ஒரு பாடமாக இருக்கலாம், தோழிகளுக்கிடையில் ஏற்பட்ட மனக்கசப்பாகவும் இருக்கலாம்.

தோழிகளே, ஒரு பெரிய வெற்றியை உங்கள் வழக்கமான அளவாக நினைத்துவிடாதீர்கள். ஒரு சறுக்கலை உங்கள் எல்லையாகவும் எண்ணாதீர்கள். 2024இல் ரண்டில், மினசோட்டா அணிக்கு மாற்றப்பட்டார். அங்கு பல வருடங்கள் ஆடிய அபிமான வீரரான கார்ல் அந்தனி டவுன்ஸ் அவருக்குப் பதிலாக நியூயோர்க் சென்றதால், புதிய இரசிகர்கள் அவரைச் சந்தேகத்துடனேயே பார்த்தார்கள். 2025இல் அதே மினசோட்டா, மேற்குப் பிராந்திய இறுதித் தொடர் வரை சென்றபோது, அதில் ரண்டிலின் பங்கு பெரிதாக இருந்தது. கைதட்டலும் கூச்சலும் வந்து வந்து போயின. இடையில் அவர் விடாமல் செய்தது, மறுநாள் காலையில் பயிற்சிக்குப் போனது மட்டுமே.