தந்தையர் நாட்டில் ஒருநாளும் பாடாத பாடகி

சிட்னியின் அஷ்பீல்ட், மெல்பேர்ணின் பொக்ஸ் ஹில் போன்ற புறநகர்களில் வாழும் எமது வாசகர்கள், சீன மளிகைக் கடைகளிலும் உணவகங்களிலும் மென்மையான ஒரு பெண்குரலைக் கேட்டிருக்கக்கூடும். மொழி விளங்காவிடினும் அக்குரலிலுள்ள ஏக்கம் எவர்க்கும் விளங்கும். அக்குரலுக்கு உரியவர் தெரேசா டெங். அவரது சீனப் பெயர் டெங் லீஜுன். மன்டரின் எனப்படும் பொதுச் சீனமொழியில் மெல்லிசை பாடியோருள், கடந்த நூற்றாண்டில் அவரளவு புகழ் எய்தியவர் வேறெவருமிலர் எனலாம்.

சீனப் பாடகி ஒருவரைப் பற்றித் தமிழ் நாளிதழ் ஏன் எழுதவேண்டுமென வாசகர் வினவலாம். இவர் போரினால் பெயர்ந்த பெற்றோருக்கு மகளாகப் பிறந்தவர். கடவுச்சீட்டு ஒன்றின் பொருட்டு அந்நிய நாடொன்றில் தடுத்து வைக்கப்பட்டு வெளியேற்றப்பட்டவர். பெற்றோரின் மண்ணில் தம் குரல் வீடுதோறும் ஒலித்தபோதும் அங்கே ஒருநாளேனும் மேடையேறாது மறைந்தவர். இவ்வளவும் எமக்குப் புதிய செய்திகளல்ல. அன்றியும், புலம்பெயர்ந்த மக்கள் எதைப் பாடவேண்டும், காதற் பாட்டுக்கு அவர்தம் வாழ்வில் இடமுண்டா என எம்மிடையே நெடுநாளாக நிகழ்ந்துவரும் விவாதத்துக்கு இவரது வாழ்வு ஒரு விடை தருகின்றது.

படைவீரர் குடியிருப்பில் ஒரு குழந்தை

1949ஆம் ஆண்டு சீன உள்நாட்டுப் போரில் தோல்வியுற்ற தேசியவாத அரசு தாய்வான் தீவுக்குப் பெயர்ந்தது. அதனோடு பத்து இலட்சத்துக்கும் அதிகமான படையினரும் குடிமக்களும் கடல் கடந்தனர். சில ஆண்டுகளில் ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கையுடன் வந்த அவர்களுக்கு, அத்தீவில் படைவீரர் குடும்பக் குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. சீனாவின் பல மாகாணத்தவரும் தத்தம் வட்டார வழக்கோடும் சமையலோடும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக அங்கே வாழ்ந்தனர். ஊர் திரும்புதல் கைகூடவில்லை. தாய்வானிலிருந்து சீனாவுக்குச் சென்று உறவினரைக் காண்பதற்கு 1987 நவம்பரிலேதான் அனுமதி கிடைத்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளில் பலரின் பெற்றோர் ஊரிலே மறைந்துபோயினர்.

இவ்வாறு பெயர்ந்து வந்த படைவீரர் ஒருவரின் ஒரே மகளாக, 1953 ஜனவரி 29ஆம் நாள், யுன்லின் மாவட்டத்தில் தெரேசா டெங் பிறந்தார். உடன்பிறந்தோர் நால்வரும் ஆண்கள். தந்தையின் ஊர் ஹேபெய் மாகாணத்திலும் தாயின் ஊர் ஷான்டொங் மாகாணத்திலும் இருந்தன. அவ்வூர்களை அக்குழந்தை பெற்றோரின் பேச்சின் வழியாக மட்டுமே அறிந்திருந்தது. 1964இல், பதினொரு வயதில், பழைய இசைநாடகப் பாடல் ஒன்றைப் பாடி வானொலிப் போட்டியொன்றில் முதற்பரிசு பெற்றார். வறுமையான குடும்பத்துக்கு அக்குரல் ஒரு வருமானமாயிற்று. பதினான்கு வயதில் பள்ளியைவிட்டு முழுநேரப் பாடகியானார். அவரது முதல் இசைத்தட்டு 1967இல் வெளிவந்தது.

ஒரு கடவுச்சீட்டின் கதை

தாய்வான், ஹொங்கொங், தென்கிழக்காசியா எங்கணும் பெயர்பெற்ற அவர், 1974இல் யப்பானிய மொழியிலும் பாடத் தொடங்கினார். அவ்வாண்டே யப்பானின் இசைத்தட்டு விருது விழாவில் புதுமுகப் பாடகருக்கான விருது அவருக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்றுத்தந்த பாடலின் தலைப்பு 'விமான நிலையம்' என்பது.

அக்காலத்தில் தாய்வான் நாட்டவர் பிறநாடுகளுக்குப் பயணஞ் செய்வது வரவரக் கடினமாகிக் கொண்டிருந்தது. ஐக்கிய நாடுகள் சபையிலிருந்த சீன ஆசனம் 1971இல் பீஜிங் அரசிடம் சென்றது. 1972இல் யப்பானும், 1979 ஜனவரியில் அமெரிக்காவும் தாய்வானுடனான அரசுறவை முறித்துக்கொண்டன. உலகத்தால் அங்கீகரிக்கப்படாத அரசு வழங்கிய கடவுச்சீட்டு, நாடுதோறும் சென்று பாடும் ஒருவருக்குப் பெருந்தடையாயிற்று. 1979 பெப்ரவரியில் இந்தோனேசியக் கடவுச்சீட்டொன்றில் யப்பானுக்குள் நுழைந்தமைக்காக அவர் அங்கே தடுத்து வைக்கப்பட்டார். விசாரணையின் பின்னர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, ஓராண்டுக்கு நுழைவுத் தடையும் விதிக்கப்பட்டது. அவர் அமெரிக்கா சென்று சிறிதுகாலம் தங்கினார். 1984இல் யப்பானிய மேடைக்கு மீண்டு, அந்நாட்டின் கேபிள் ஒலிபரப்புப் பெருவிருதை அவ்வாண்டு முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றார்.

பெரும்புகழ் வாய்ந்தவருக்கே கடவுச்சீட்டின் நிறம் இத்துணை இடர் விளைத்ததெனில், பெயரற்ற எளியோர் நிலைபற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பகலில் ஒரு டெங், இரவில் ஒரு டெங்

அவர் செல்லவியலாத சீனாவுக்கு அவரது குரல் சென்றது. 1970களின் இறுதியில் சீனாவின் கதவுகள் சற்றே திறந்தன. ஹொங்கொங் வழியாக ஒலிப்பதிவுக் கருவிகளும் ஒலிநாடாக்களும் உள்ளே நுழைந்தன. ஒரு நாடாவிலிருந்து மற்றொன்று, அதிலிருந்து இன்னொன்று எனப் படியெடுக்கப்பட்டு, ஒலி தேய்ந்து இரைச்சல் மிகுந்த நிலையிலும் அவை கைமாறின. இந்தோனேசிய நாட்டார் மெட்டொன்றைத் தழுவி 1979இல் அவர் பாடிய 'தியன் மி மி' என்னும் பாடல் நாடெங்கும் பரவியது.

புரட்சிப் பாடல்களையும் கூட்டுக்குரல் முழக்கங்களையும் மட்டுமே பல்லாண்டு கேட்டுப் பழகிய மக்களுக்கு, காதருகே தாழ்ந்த குரலில் ஒருவர் தனியாகப் பாடுவது புதுமையாயிருந்தது. சீன அதிகாரிகள் இப்பாடல்களை 'மஞ்சள்' பாடல்கள் எனக் கண்டித்தனர். எமது மொழியில் மஞ்சட் பத்திரிகை என்னுமிடத்து அச்சொல் தரும் இழிபொருளே அங்கும் கருதப்பட்டது. 1983இல் தொடங்கிய 'ஆன்மிக மாசு' எதிர்ப்பு இயக்கத்தின்போது கண்டனம் மேலும் வலுத்தது. ஆயினும் மக்கள் கேட்பதை நிறுத்தவில்லை. தலைவர் டெங் சியாவோபிங்கின் குடும்பப் பெயரும் பாடகியின் குடும்பப் பெயரும் ஒன்றே. எனவே பகல் முழுவதும் பெரிய டெங்கையும் இரவில் சின்ன டெங்கையும் கேட்பதாக மக்கள் வேடிக்கையாகப் பேசிக்கொண்டனர்.

மறுகரையில் தாய்வான் அரசும் அக்குரலைப் பயன்படுத்தத் தவறவில்லை. சீனக் கரைக்குச் சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள கின்மென் தீவின் பெரும் ஒலிபெருக்கிகள் அவரது பாடல்களை மறுகரை நோக்கி ஒலித்தன. அவரும் படைமுகாம்களுக்குச் சென்று பாடினார். அரசுகள் இரண்டும் அக்குரலைத் தத்தம் நோக்கில் ஆயுதமாகக் கண்டன. கேட்டவர்களோ அதனைப் பாட்டாகவே கேட்டனர்.

ஹொங்கொங், 1989

1989 மே 27ஆம் நாள், பீஜிங் தியனன்மென் சதுக்கத்தில் திரண்டிருந்த மாணவருக்கு ஆதரவாக, ஹொங்கொங்கின் ஹப்பி வலி குதிரைப்பந்தயத் திடலில் மாபெரும் இசைநிகழ்ச்சி நடைபெற்றது. தெரேசா டெங் அங்கே தோன்றினார். ஒப்பனையின்றி, தலையிற் பட்டி கட்டி, இராணுவ ஆட்சியை எதிர்க்கும் வாசகம் தாங்கி நின்று, தமது வீடு மலைக்கு அப்பால் உள்ளது எனும் பொருளுடைய பழைய பாடலொன்றைப் பாடினார். எட்டு நாட்களின் பின், ஜூன் 4ஆம் நாள், படைகள் சதுக்கத்தைக் கைப்பற்றின.

சீனாவில் அவர் இசைநிகழ்ச்சி நடத்தக்கூடும் என்ற பேச்சு 1980களில் எழுந்ததுண்டு. 1989இன் பின் அப்பேச்சு முடிவுற்றது. அதன்பின் அவர் பெரும்பாலும் பாரிஸ் நகரில் வாழ்ந்தார். சீனாவுக்குச் சென்றிருப்பாராயின் எத்தனையோ இலட்சம் மக்கள் திரண்டிருப்பர். அவர் செல்லவில்லை. 1995 மே 8ஆம் நாள், தாய்லாந்தின் சியாங் மாய் நகர விடுதியொன்றில் கடும் ஆஸ்துமா நோயால் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 42. தாய்வானின் வடகரையில், கடல்நோக்கிய மலைச்சாரலில், அரச மரியாதையுடன் அடக்கஞ் செய்யப்பட்டார்.

ஆஸ்திரேலியாவில் ஒரு காத்திருப்பு

அதே ஜூன் மாதத்தில் ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 20,000 சீன நாட்டவர் தங்கியிருந்தனர். பெரும்பாலோர் ஆங்கிலம் கற்கும் மாணவராக வந்தவர்கள். கடன்பட்டுக் கட்டணஞ் செலுத்தி வந்து, பகலில் வகுப்புக்கும் இரவில் தொழிற்சாலைக்கும் உணவகச் சமையலறைக்கும் சென்றவர் அவருட் பலர். ஜூன் 9ஆம் நாள், கன்பராவில் நடந்த நினைவுக்கூட்டத்தில் பிரதமர் பொப் ஹோக் கண்ணீர் மல்க உரையாற்றி, அவர்கள் திருப்பி அனுப்பப்பட மாட்டார்கள் என உறுதியளித்தார். எனினும் நிரந்தர வதிவுரிமை உடனே கிட்டவில்லை. நான்காண்டுத் தற்காலிக அனுமதியே முதலில் வழங்கப்பட்டது. 1993 நவம்பர் 1ஆம் நாளே, கீட்டிங் அரசு அவர்களுக்கு நிரந்தர வதிவுரிமைக்கு வழிவகுத்தது. பின்வந்த குடும்பத்தினரையும் சேர்த்துச் சுமார் 42,000 பேர் இதனாற் பயனடைந்ததாகக் கூறப்படுகின்றது.

அந்த நான்காண்டுகள் எத்தகையன என்பதை எம் வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. மணமுடித்தோர் துணையின்றியும், பெற்றோர் பிள்ளைகளின் முகங்காணாதும் இருந்தனர். வாடகை அறைகளில் அவர்களோடு இருந்தவற்றுள் ஒன்று, ஊரில் ஒளித்துக் கேட்ட அதே ஒலிநாடா. 1992இல் இதே கீட்டிங் அரசு படகில் வந்தோரைக் கட்டாயமாகத் தடுத்து வைக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தது என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. தற்காலிகப் பாதுகாப்பு விசாக்களில் பல்லாண்டு காத்திருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு 2023 பெப்ரவரியிலேதான் நிரந்தர வதிவுரிமைக்கு வழி திறந்தது. விரைவு நடைமுறையில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டோர் அதனுள் அடங்கவில்லை. அவருள் எம்மவரும் பலர்.

புலம்பெயர்ந்தோர் வாழ்வில் இப்பாடல்கள் பெற்றிருந்த இடத்தை 1996இல் வெளிவந்த ஹொங்கொங் திரைப்படமொன்று நுட்பமாகக் காட்டுகின்றது. பீட்டர் சான் இயக்கிய அப்படத்தின் சீனப் பெயரும் 'தியன் மி மி' என்பதே. சீனாவிலிருந்து ஹொங்கொங் வந்த இளைஞனும் பெண்ணும் புத்தாண்டு இரவில் தெரேசா டெங்கின் ஒலிநாடாக்களை விற்கக் கடை விரிக்கின்றனர். வாங்குவாரில்லை. வாங்கினால், தாம் மறுகரையிலிருந்து வந்தவர் என்பது பிறர்க்குத் தெரிந்துவிடுமே என அஞ்சி மக்கள் விலகிச் செல்கின்றனர். பேருந்தில் எம்மொழி பேசத் தயங்கிக் குரல் தாழ்த்தியவர்கள் இதனை நன்கறிவர்.

எம்மவர் பாட்டு

எமக்கும் ஒரு மெல்லிசை மரபு இருந்தது. 1970களில் இலங்கையில் தழைத்த தமிழ்ப் பொப் இசையை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். போர்த்துக்கேயர் வழிவந்த பைலாத் தாளத்தில் ஊர்ப்பேச்சை இசைத்த ஏ. ஈ. மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார். 'சின்ன மாமியே' பாடலால் வீடுதோறும் அறியப்பட்ட நித்தி கனகரத்தினம் பின்னாளில் மெல்பேர்ணில் குடியேறினார். பண்ணிசையும் கருநாடக இசையும் பயின்றோர் பலர் இப்பாடல்களை இசையென்றே மதித்ததில்லை. போர்க்காலத்தில் இவை பொறுப்பற்றவை எனவும் பேசப்பட்டன. ஊர் எரிகையில் மாமியைப் பாடுவதா என்ற கேள்வியில் நியாயமுண்டு. எனினும், இன்று திருமண மண்டபத்தில் அப்பாட்டு எழுந்ததும் மூன்று தலைமுறையினரும் ஒருங்கே எழுந்து ஆடுகின்றனர். அம்மூவருள் இளையவருக்கு அவ்வேளை தமிழ் ஒரு பாடமாக இருப்பதில்லை.

தெரேசா டெங் 1983இல் செய்ததையும் இங்கே சுட்ட வேண்டும். தாங், சோங் பேரரசுக் காலங்களை ஒட்டிய பழங்கவிதைகளை நவீன மெல்லிசையில் அமைத்து ஒரு தொகுப்பாக அவர் பாடினார். அவற்றுள் ஒன்று, 1076ஆம் ஆண்டு சூ ஷி என்னும் புலவர், தொலைவில் பிரிந்திருந்த தம்பியை எண்ணி நிலவை நோக்கிப் பாடியது. ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுடைய அக்கவிதை, இலக்கியம் கற்காதோர் நாவிலும் நின்றது. காதற் பாட்டைக் கேட்க வந்தோர் செவ்வியற் கவிதையையும் உடன்பெற்றுச் சென்றனர். சங்கப்பாட்டையும் பாரதியையும் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் மனனஞ் செய்விக்கப் பாடுபடும் ஆசிரியர்கள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

எமது வீடுகளில், பயணப்பெட்டியின் அடியிலே உடுப்புகளுக்கிடையில் வைத்துக் கொண்டுவரப்பட்ட ஒலிநாடாக்கள் இன்னும் உள்ளன. மேலே பேனாவால் எழுதப்பட்ட பெயர்கள். சிலவற்றில் பாட்டின் நடுவே அப்பாவின் குரல் அல்லது ஊர் வீட்டு நாயின் குரைப்பு. அந்நாடாக்களின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் உதிர்ந்துகொண்டிருக்கிறது. அவற்றை இயக்கும் கருவிகளும் அருகிவிட்டன. அவற்றைக் கணினிக்கு மாற்றுவது கடினமன்று. எமது பிள்ளைகள் ஒரு பிற்பகலில் செய்துமுடிப்பர். செய்யும்போது அவர்கள் அருகிலிருந்து, அப்பாட்டை எந்த ஊரில், எவரோடு கேட்டீர்கள் என்பதையும் சொல்லிவையுங்கள்.