விருப்பாட்சியில் ஓர் அரசி

நாம் தினமும் அண்ணாந்து பார்க்கும் திண்டுக்கல் மலைக்கோட்டை முன்பு ஹைதர் அலியின் வசம் இருந்தது. சிவகங்கை அரசி வேலுநாச்சியார் உதவி நாடி வந்தது இங்கேதான். இராமநாதபுரம் சேதுபதியின் ஒரே மகளான அவர், போர்ப்பயிற்சி பெற்று வளர்ந்தவர். 1746இல் சிவகங்கை இளவரசர் முத்துவடுகநாதரை மணந்தார். அவர் மன்னரானபின் அரசியலிலும் அவருக்குத் துணையாக நின்றார்.

1772இல் ஆங்கிலேயரும் ஆற்காட்டு நவாபும் காளையார்கோவிலைத் தாக்கியபோது மன்னர் மாண்டார். ஆண் வாரிசு இல்லை. மகள் வெள்ளச்சி மட்டுமே. கணவரின் நாடு மகளுக்குச் சேரவேண்டும் என்று அரசி உறுதிகொண்டார். கோபால நாயக்கரின் ஆதரவில் விருப்பாட்சியில் தங்கி எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். நம்மில் ஒருத்தி மூன்றாம் வகுப்பில் சேர்ந்து பத்தாம் வகுப்பை முடிக்கும் காலம் அது!

1780இல் ஹைதரின் படையுதவியோடும் மருது சகோதரர்களின் துணையோடும் சிவகங்கையை மீட்டார். பின்னர் வெள்ளச்சியை மணந்த வேங்கன் பெரிய உடையணத் தேவர் அரசரானார். மருமகனுக்கு அரியணை கிடைத்தது மகளின் உரிமையால்தான்.