இரண்டையும் கூட்டி எண்ணுங்கள்

பெங்களூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இது வாடிக்கை. பிள்ளைக்கு இரண்டு வயது ஆகப்போகிறது, பேச்சு இன்னும் கோர்வையாக வரவில்லை. ஊரிலிருந்து வந்த பாட்டி, வசம்பை உரசி நாக்கில் தடவச் சொல்கிறார். தாத்தாவோ, “இவன் அப்பனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்” என்று கை கழுவிவிடுகிறார். பிளே ஸ்கூலில் வேறு மருந்து: “வீட்ல தமிழ், வெளிய கன்னடம், இங்க இங்கிலீஷ்னா குழந்தை குழம்பிடும். வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்க.” படித்த பெற்றோர் வசம்பை ஒதுக்கிவிட்டு, கடைசி யோசனையை அன்றைக்கே கையில் எடுத்துக்கொள்கிறார்கள். வசம்புக்கு என்ன ஆதாரம் உண்டோ, அதற்கும் அவ்வளவுதான் உண்டு.

குழந்தை குழம்புவதில்லை. கனடாவின் வான்கூவரில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2010இல் வெளியானது. பிறந்து சில நாளே ஆன சிசுக்களின் வாயில் ஒரு ரப்பர் காம்பு. அழுத்திச் சப்பினால் பேச்சுக் குரல் கேட்கும். கர்ப்ப காலத்தில் ஆங்கிலம் மட்டும் பேசிய தாய்மாரின் குழந்தைகள் ஆங்கிலத்துக்கே அதிகம் சப்பின. ஆங்கிலமும் பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியும் பேசிய தாய்மாரின் குழந்தைகளுக்கு இரண்டும் சமமாகப் பிடித்திருந்தது. அதே சமயம், இரண்டும் வேறு வேறு என்பதும் அவற்றுக்குத் தெரிந்திருந்தது. வயிற்றில் இருந்தபடியே கேட்டுப் பழகியதை, இரண்டு வயதில் போய்க் குழப்பிக்கொள்வானேன்?

அப்படியானால் வார்த்தைகள் குறைவாக இருப்பதாகத் தோன்றுவது ஏன்? நாம் எண்ணும் விதம் அப்படி. ஒரு பிள்ளை தமிழில் ‘தாத்தா, காக்கா, தண்ணி’ என்று முப்பது வார்த்தை சொல்கிறது. ஆங்கிலத்தில் ‘பஸ், ஷூ, பை’ என்று இருபத்தைந்து. இங்கிலீஷ் படிவத்தை வைத்துச் சோதிப்பவர் இருபத்தைந்தோடு நிறுத்திக்கொண்டு ‘பின்தங்கியிருக்கிறது’ என்று எழுதிவிடுவார். தமிழை மட்டும் கேட்கும் அத்தைக்கும் அதே கவலை. கூட்டினால் ஐம்பத்தைந்து. இரண்டு வயதுக்குச் சுமார் ஐம்பது வார்த்தையும், ‘அம்மா வா’ மாதிரி இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் பொதுவாக எதிர்பார்க்கப்படுவது. அந்த ஐம்பதை இந்தப் பிள்ளை தாண்டியாகிவிட்டது. மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த 8 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆய்வாளர் பார்பரா பியர்சன் குழுவினர் 1993இல் இப்படித்தான் கூட்டிப் பார்த்தார்கள். ஒரே மொழிக் குழந்தைகளைவிட இவர்கள் பின்தங்கவில்லை.

மொழியைக் கலந்து பேசுவதும் கோளாறல்ல. ‘டோர் ஓபன் பண்ணு’ என்கிற வாண்டு, வினையைக் கடைசியில் வைத்துத் தமிழ் இலக்கணப்படிதான் பேசுகிறது. கலந்து பேசுவதை எங்கிருந்து கற்றது என்று பெற்றோர் ரொம்ப தூரம் தேட வேண்டியதில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது, எந்த மொழி எவ்வளவு நேரம் காதில் விழுகிறது என்பதைப் பற்றி. அதுவும் ஆள் பேசி விழ வேண்டும். 2003இல் ஆய்வாளர் பாட்ரீசியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். எதிரே ஆள் உட்கார்ந்து விளையாடியபடி பேசியபோது அந்த மொழியின் ஒலிகள் பிடிபட்டன. அதே ஆள் திரையில் பேசியபோது ஒன்றும் ஒட்டவில்லை. மொபைலில் ஓடும் தமிழ் ரைம்ஸ், தமிழ்க் கணக்கில் சேராது.

‘அப்பா ஒரு மொழி, அம்மா ஒரு மொழி’ என்ற விதியைச் சிலர் வேதவாக்காகப் பிடித்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஷா தன் மகனை அப்படி வளர்த்து 1913இல் புத்தகமும் எழுதினார். நல்ல வழிதான், ஆனால் உத்தரவாதமில்லை. பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் ஏறக்குறைய 1,900 குடும்பங்களை விசாரித்து ஆய்வாளர் அனிக் தெ ஹௌவர் 2007இல் எழுதியபடி, இரு மொழி கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று வீட்டு மொழியைப் பேசவேயில்லை. பெற்றோர் இருவருமே வீட்டு மொழியைப் பேசிய குடும்பங்களில்தான் அது நன்றாக நிலைத்தது. ஊர் மொழியை ஊர் பார்த்துக்கொள்ளும். பெங்களூரில் கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் பஞ்சமில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். “ரெண்டு மொழி இல்லையா, அதான் லேட்டாகுது” என்று காத்திருப்பதும் அதே கட்டுக்கதையின் இன்னொரு முகம். ஒரு வயதாகியும் மழலை ஒலியோ கை நீட்டிக் காட்டுவதோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை, வந்த பேச்சு நின்றுபோனது — இவற்றில் எது இருந்தாலும் எத்தனை மொழி என்று பார்க்காமல் டாக்டரிடம் போக வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கதவு சத்தத்துக்குத் திரும்புகிற குழந்தைக்கும் பேச்சொலிகள் தெளிவாகக் கேட்காமல் இருக்கலாம். அங்கும் யாராவது ஒரு மொழியை நிறுத்தச் சொன்னால், காரணம் கேளுங்கள். கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கேட்டு வளர்ந்த டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் பேச்சைக்கூட இரண்டாவது மொழி கெடுக்கவில்லை என்று பார்த்திருக்கிறார்கள்.

டாக்டரிடம் போகும்போது, பிள்ளை சொல்லும் வார்த்தைகளை ஒரு வாரம் குறித்து எடுத்துப் போங்கள். பாட்டியிடம் சொல்வது, ஆயாவிடம் சொல்வது, பிளே ஸ்கூலில் சொல்வது, எல்லாம் ஒரே தாளில்.