வேன் ஏ.சி. குளிரவில்லையா? கேஸ் அடிக்க முன் பார்க்க வேண்டியவை

எமது தோட்டங்களில் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் வாழ்கிற குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று சாரதிகளாக இருக்கிறார்கள். சிலர் கொழும்பில் முதலாளிமாருடைய காரை ஓட்டுறாங்க. சிலர் லீசிங்கில் வேன் எடுத்து ஹயர் ஓடுறாங்க. அந்த மாதக் கட்டுக்காசில் அம்மாவின் கொழுந்துக் காசும் சேர்ந்துதான் போகிறது. ஏ.சி. குளிராத வேனுக்கு நல்ல ஹயர் வராது. ஆகவே இம்முறை அதைப் பற்றி எழுதுகிறோம்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட முன் ஸ்பிரிட் தடவினால் தோல் சில்லென்று இருக்கும் அல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஏ.சி.யும் அப்படித்தான். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கொயிலில் கேஸ் திரவமாக வந்து ஆவியாகிறது. அப்போது வேனுக்குள் இருக்கிற சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவியை கம்பிரசர் இழுத்து அமுக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே காற்றுப் பட்டு சூட்டை வெளியே விட்டு, திரும்பவும் திரவமாகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து முடிகிற சாமான் இல்லை. ரப்பர் ஹோஸ் வழியாக வருடக் கணக்கில் கொஞ்சம் கசியலாம், அவ்வளவுதான். சில மாதங்களிலேயே குறைகிறதென்றால் எங்கேயோ ஓட்டை இருக்கு. ஆனால் எமது ஆட்கள் என்ன செய்றாங்க? குளிர் குறைந்ததும் நேரே கராஜுக்குப் போய் "பாஸ், கேஸ் அடிங்க" என்கிறாங்க. பாஸும் அடித்துக் காசை வாங்கிக்கொள்கிறார். எமக்குத் தெரிந்த ஒரு தம்பி இப்படி ஒரே வருடத்தில் மூன்று தரம் கேஸ் அடித்தார். நாலாவது தரம் வேறொரு கராஜில் காட்டியபோது, கண்டென்சரின் கீழ் மூலையில் எண்ணெய்க் கறை இருந்தது. கல் பட்டு ஊசித் துவாரம். முதல் நாளே பார்த்திருந்தால் மற்றச் செலவெல்லாம் மிச்சம்.

கேஸோடு சேர்ந்து கம்பிரசர் எண்ணெயும் சுற்றுவதால், கேஸ் கசிகிற இடத்தில் அனேகமாக எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டியிருக்கும். பொனட்டைத் திறந்து பைப் மூட்டுகளையும் கம்பிரசரின் முன்பக்கத்தையும் கண்டென்சரையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகமான இடத்தில் சோப்பு நுரை தடவினால் பெரிய ஓட்டையில் குமிழி வரும். சின்ன ஓட்டைக்கு கராஜில் நைதரசன் ஏற்றிப் பார்க்க வேண்டும். எந்தக் காரணத்துக்கும் ஒட்சிசன் சிலிண்டரால் ஏற்ற விடாதீர்கள். எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். சமையல் கேஸை அடித்தாலும் குளிரும் என்று சொல்கிறவர்களும் உண்டு. குளிரும்தான். அது வேனுக்குள் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும்.

கேஸைப் பற்றி யோசிக்க முன் வேறு சில காரியங்களைப் பாருங்கள். காற்றே வரவில்லை என்றால் ஃபேன் பக்கம் பிழை. முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். முழு வேகத்தில் மட்டும் காற்று வந்து மற்ற வேகங்களில் வராவிட்டால், அனேகமாக ரெசிஸ்டர் எரிந்திருக்கும். இது சின்னச் செலவு. காற்று வருது, குளிரில்லை என்றால் ஒருவரை ஏ.சி.யைப் போடச் சொல்லிவிட்டு கம்பிரசரைப் பாருங்கள். 'டக்' என்று சத்தம் கேட்டு முன் தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, கிளச் கொயில் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம், அல்லது கேஸ் மிகக் குறைந்து அமுக்க சுவிட்ச் தடுத்திருக்கலாம். கிளச் இல்லாத கம்பிரசர் வரும் வாகனங்களும் உண்டு, அதில் இந்தச் சோதனை சரிவராது. சில நொடிக்கு ஒரு தரம் 'டக், டக்' என்று பிடித்துப் பிடித்து விட்டால் கேஸ் குறைவென்று சந்தேகப்படலாம்.

ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது சூடாகிறதா? அப்போது கண்டென்சர் ஃபேனையும், கண்டென்சரில் அடைத்திருக்கும் சேறு, இலை, பூச்சியையும் பாருங்கள். மலைநாட்டில் இந்தப் பிழை தெரியவே தெரியாது. ஹட்டனில் குளிராக இருக்கும் வேன், அவிசாவளை தாண்டி கொழும்பு நெரிசலில் நின்றவுடன் வேர்க்க வைக்கும். கண்டென்சரை மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சர்விஸ் ஸ்டேஷன் கன்னைக் கிட்டப் பிடித்து அடித்தால் தகடுகள் வளைந்து காற்றுப் போகாது.

முதலில் நன்றாகக் குளிர்ந்து, போகப் போகக் காற்று குறைந்து, நிறுத்திவிட்டுப் போட்டால் மறுபடி குளிர்கிறதென்றால் கூலிங் கொயிலில் ஐஸ் கட்டுகிறது. பல வாகனங்களில் டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் இருக்கும். அது அடைத்திருந்தாலும் இப்படி ஆகலாம்.

கேஸ் அடிக்க வேண்டியே வந்தால், நிறுத்தி வைத்த வேனில் மீட்டர் காட்டும் அமுக்கத்தை நம்பி ஏமாற வேண்டாம். 1990களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த வாகனங்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ என்ற கேஸ்தான் உண்டு. 15 பாகை செல்சியஸ் இருக்கும் நுவரெலியாவில் அது ஏறக்குறைய 55 பி.எஸ்.ஐ. காட்டும், 30 பாகை இருக்கும் கொழும்பில் ஏறக்குறைய 95 காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருந்தாலே போதும், நிறைய இருந்தாலும் அரைவாசி இருந்தாலும் மீட்டர் ஒன்றையே சொல்லும். ஆகவே ஓட்டையை அடைத்து, வெக்கியூம் பம்பால் அரை மணி நேரமாவது காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகு, தராசில் நிறுத்துத்தான் அடிக்க வேண்டும். எத்தனை கிராம் என்று பொனட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் இருக்கும். சின்ன கார்களுக்கு அரைக் கிலோ அளவு. கூட அடித்தால் கூடக் குளிராது, அமுக்கம் ஏறி கம்பிரசர்தான் கெடும். கேஸின் வகையும் ஸ்டிக்கரில் உள்ளதாகவே இருக்க வேண்டும். ஸ்குரூவைத் திறந்து வெறுங்கையால் கேஸை விட்டுப் பார்க்க வேண்டாம். அது பூச்சியத்துக்குக் கீழே 26 பாகையில் கொதிக்கிற சாமான். தோலும் கண்ணும் வெந்துபோகும்.

நுவரெலியாவில் இருக்கிற எமக்கு ஏ.சி. எதற்கு என்று கேட்கலாம். மழையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை வளைவுகளில் இறங்கும்போது முன் கண்ணாடி உள்ளே வெள்ளையாகிவிடுகிறதே, அதற்கு மருந்து ஏ.சி.தான். மழை நாளில் பெக்டரி மேல்மாடியில் கொழுந்து வாடாதது எமக்குத் தெரியும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது மேலும் ஈரத்தை வாங்காது. கூலிங் கொயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கிக் கீழே விடுகிறது. அந்தக் காய்ந்த காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஹீட்டரையும் கொஞ்சம் சேர்த்து, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தெளியும். உட்காற்றையே சுற்ற விட்டால் ஆட்களின் மூச்சு ஈரம் உள்ளேயே நிற்கும். துணியால் துடைத்துத் துடைத்து ஒரு கையால் ஓட்டுவது ஆபத்து. ஆகவே குளிர் காலத்திலும் வாரத்துக்கு ஒரு தரம் பத்து நிமிடம் ஏ.சி.யைப் போடுங்கள். கம்பிரசர் சீலுக்கும் எண்ணெய் போய்ச் சேரும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹயர் முடியும் வரை காத்திருக்கும் பிள்ளைகள் கண்ணாடியை ஏற்றி, எஞ்சினை ஓட விட்டு, ஏ.சி.யில் தூங்குறாங்க. சைலன்சரில் ஓட்டை இருந்தாலோ, வேன் மூடிய கராஜில் நின்றாலோ காபனோரொட்சைட்டு உள்ளே வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம், பிறகு எழும்ப மாட்டார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கித் தூங்குங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை.

ஏ.சி. ஓடும்போது வேனுக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது பிழையில்லை. உள்ளே கால் மிதியில் தண்ணீர் நின்றால்தான் பிழை. தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கும். புழுங்கல் மணம் வந்தால், போய்ச் சேர ஐந்து நிமிடத்துக்கு முன் ஏ.சி.யை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓட விட்டால் கொயில் காய்ந்துவிடும். ஹைப்ரிட் கார் ஓட்டும் தம்பிமார் ஆரஞ்சு நிற வயர் போகும் கம்பிரசரில் கை வைக்கவே வேண்டாம். அதில் ஆளைக் கொல்லும் மின்சாரம் ஓடுகிறது, எண்ணெயும் வேறு வகை. அந்த வேலை தெரிந்த கராஜுக்கே கொண்டு போங்கள்.