காடும் நாமும்: வட குயின்ஸ்லாந்து மழைக்காடுகளைக் காணச் செல்வோருக்கு

சென்ற ஆண்டு எமது வகுப்பிலே "எனது விடுமுறை" என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்திருந்தோம். மாணவன் ஒருவன், "வகுப்பில் எல்லோரும் காட்டு முகாமுக்குப் போனார்கள். அம்மா என்னை விடவில்லை" என்று இரண்டு வரிகளில் முடித்துவிட்டான். அவனுடைய தாயாரிடம் இதுபற்றிக் கேட்டபோது, "காட்டுக்குள்ளை பிள்ளையை எப்பிடிச் சேர் தனிய விடுறது?" என்றார்.

அக்கேள்வியை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. எம்மிற் பலருக்குக் காடு என்பது உல்லாசப் பயணத்துக்குரிய இடமன்று. குழந்தையைத் தோளிற் சுமந்துகொண்டு, விளக்கு ஏற்றாமல், பேசாமல் இரவிரவாக நடந்து கடந்த இடம் அது. அந்த நினைவு பெற்றோரிடம் இருக்க, காடு என்றால் கூடாரமும் பாட்டும் என்று இந்நாட்டிற் பிறந்த பிள்ளை நினைப்பது இயல்பே. இவ்விரு காடுகளுக்கும் இடையே ஒரு பாதை அமைக்க முடியுமா என்று எண்ணியே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம். அதற்கு நாம் எடுத்துக்கொண்டது, அவுஸ்திரேலியாவின் வடகீழ்க் கரையிலுள்ள அயனமண்டல மழைக்காடுகளும் அவற்றிலுள்ள தேசியப் பூங்காக்களுமாகும்.

அமைவிடமும் மழையும்

குயின்ஸ்லாந்து மாநிலத்திலே ரவுன்ஸ்வில் நகருக்கு அண்மையிலிருந்து குக்ரவுன் வரை, ஏறத்தாழ 450 கிலோமீற்றர் நீளத்துக்கு இக்காடுகள் பரந்துள்ளன. இவற்றின் பரப்பு ஏறத்தாழ 8,940 சதுர கிலோமீற்றர். அதாவது இலங்கையின் பரப்பில் ஏழில் ஒரு பங்கு. அவுஸ்திரேலியக் கண்டத்தோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கே வரும். எனினும் அக்கண்டத்திலுள்ள பறவை இனங்களில் நூற்றுக்கு நாற்பது வரையில் இச்சிறு நிலப்பரப்பிற் காணப்படுகின்றன. 1988ஆம் ஆண்டில் இப்பிரதேசம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

இங்கு மட்டும் இத்துணை மழை ஏன்? இலங்கையின் மத்திய மலைநாட்டில் தென்மேல் பருவக்காற்று செய்யும் வேலையை இங்கே தென்கீழ் வியாபாரக் காற்று செய்கின்றது. பவளக் கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் காற்று, கரையோரத்திலே செங்குத்தாக எழுந்து நிற்கும் மலைகளில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகக் கொட்டுகின்றது. பெலண்டன் கேர் மலையுச்சியில் ஆண்டுக்குச் சராசரியாக 8 மீற்றர் அளவில் மழை பெய்கின்றது. 1979ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மட்டும் அங்கே 5,387 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. யாழ்ப்பாணத்தில் நான்கு ஆண்டுகளிற் பெய்யும் மழை அங்கே ஒரே மாதத்திற் பெய்தது என்றால் அதன் அளவை மாணவர்கள் உணர்ந்துகொள்வார்கள்.

இக்காடுகளின் தொன்மையும் குறிப்பிடத்தக்கது. இந்தியா, இலங்கை, அவுஸ்திரேலியா, அந்தாட்டிக்கா ஆகியன ஒரு காலத்திற் கொண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக இருந்தன. அக்காலத்துத் தாவரங்களின் வழித்தோன்றல்கள் சில இங்கே இன்றும் வாழ்கின்றன. 1971ஆம் ஆண்டில் டெயின்ட்ரிப் பகுதியிற் சில மாடுகள் நஞ்சுண்டு இறந்தன. காரணத்தைத் தேடியபோது அவற்றின் வயிற்றிலே பெரிய விதைகள் காணப்பட்டன. அழிந்துவிட்டது என்று கருதப்பட்ட மிகப் பழைமையான ஒரு மரம் அவ்வாறே மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

நீர்வீழ்ச்சிகள்

மலையும் மழையும் உள்ள இடத்தில் அருவிகளுக்குக் குறைவில்லை. இங்கம் என்னும் ஊருக்கு மேற்கே, கிரின்கன் தேசியப் பூங்காவிலுள்ள வலமன் நீர்வீழ்ச்சி 268 மீற்றர் உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாக விழுகின்றது. ஆண்டு முழுவதும் நீர் வற்றாத, ஒரே வீழ்ச்சியாக விழும் அருவிகளில் அவுஸ்திரேலியாவில் இதுவே மிக உயர்ந்தது. மேலே நின்று பார்க்கவும் இடமுண்டு. அடிவாரத்துக்கு இறங்கிச் செல்லும் செங்குத்தான பாதையும் உண்டு. இறங்குவது எளிது, ஏறுவதே கடினம் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். குறண்டாவுக்கு அருகிலுள்ள பரன் நீர்வீழ்ச்சி வறண்ட மாதங்களில் மெலிந்தும் மழைக்காலத்திற் பெருகி முழங்கியும் காணப்படும். அதேற்றன் மேட்டுநிலத்திலுள்ள மில்லா மில்லா அருவி சிறியது. சிறுவர்களோடு செல்வோருக்கு ஏற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையைக் கூறாமல் விட முடியாது. குயின்ஸ்லாந்தின் மிக உயர்ந்த மலையான பாட்டில் பிரியர் 1,600 மீற்றருக்கு மேல் உயரமுடையது. அதன் அடிவாரத்தில் யோசபின் அருவி உள்ளது. கீழே வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே, முகில் மூடிய உச்சியிற் பெருமழை பெய்யக்கூடும். அந்நீர் சிறிது நேரத்தில் ஆற்றில் இறங்கிவிடும். தெளிந்த நீரில் நீந்திக்கொண்டிருந்தோர் வெள்ளத்தில் அகப்பட்டு உயிரிழந்த நிகழ்வுகள் இங்கு உண்டு. அருவியைக் காணும் முன்னர் அறிவித்தற் பலகையைக் காணுங்கள் என்பதே எமது வேண்டுகோள்.

விலங்குகளும் பறவைகளும்

தேசியப் பூங்கா மிருகக்காட்சிச்சாலை அன்று. காத்திருந்தும் ஒன்றையும் காணாமல் திரும்பும் நாள்களும் உண்டு. மழைக்காட்டின் தரையை எட்டும் சூரிய ஒளி நூற்றுக்கு ஓரிரு பங்கே. ஆகவே கண்ணைவிடக் காதே இங்கு அதிகம் உதவும். விடியற்காலையும் மாலையும் ஏற்ற வேளைகள்.

இக்காட்டின் தலைமகன் கசோவரி என்னும் பறக்காத பறவை. ஈமுவின் உறவு, ஓர் ஆள் உயரம், கறுத்த இறகு, நீலக் கழுத்து, தலையிற் கொம்பு போன்ற முடி. பழங்களை முழுதாக விழுங்கி, விதைகளைத் தொலைவிலே எச்சத்தோடு இட்டுச் செல்லும். இருநூறுக்கு மேற்பட்ட தாவர இனங்களின் விதைகளை இவ்வாறு பரப்புகின்றது. சில பெரிய விதைகளை விழுங்கிச் சுமந்து செல்லக்கூடிய விலங்கு இதைத் தவிர அங்கு வேறில்லை. பெண் பறவை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். தந்தையே ஏறத்தாழ ஐம்பது நாள் அடைகாத்து, பின்னர் மாதக் கணக்காகக் குஞ்சுகளைக் கூட்டித் திரியும். நாம் சென்றபோது கோடு போட்ட மூன்று குஞ்சுகளுடன் ஒரு தந்தைப் பறவை வீதியைக் கடப்பதைக் கண்டோம். குஞ்சுகள் மூன்றும் அக்கரை சேரும்வரை அது நடு வீதியை விட்டு நகரவில்லை. இப்பறவைகள் பல வாகனங்களில் அடிபட்டே இறக்கின்றன. எனவே அப்பகுதியில் வேகத்தைக் குறைத்தல் எமது கடமையாகும். நேரிற் கண்டால் ஓடவோ உணவு கொடுக்கவோ கூடாது. முகத்தை அதன் பக்கம் வைத்தபடி, பையை முன்னே பிடித்து, மெல்லப் பின்வாங்க வேண்டும்.

மேட்டுநிலக் காடுகளிலே மரத்தில் வாழும் கங்காரு உண்டு. அங்குள்ள சிற்றாறுகளில், வாத்தின் அலகும் நீர்நாயின் உடலும் உடையதும் முட்டையிட்டுப் பாலூட்டுவதுமான பிளற்றிப்பஸ் என்னும் விலங்கை அந்தி வேளையிற் காணலாம். கரையோர ஆறுகளிலும் கண்டற் காடுகளிலும் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. அவற்றைப் படகிலிருந்து காண்பதே முறை. நீரோரத்திலிருந்து குறைந்தது 5 மீற்றர் விலகி நிற்க வேண்டும் என்று அரசு அறிவுறுத்துகின்றது.

தெரிந்த முகங்கள்

பெற்றோருக்கு ஒரு செய்தி சொல்வோம். இக்காடு உங்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. இங்கே நாவல் இனத்து மரங்கள் பல உள்ளன. கடற்கரையிலே தாழை நிற்கின்றது. யுங்கபுரா ஊருக்கு அருகில், திரைச்சீலை போல விழுதுகள் ஏறத்தாழ 15 மீற்றர் தொங்கும் பெருமரம் ஒன்று உண்டு. அது ஆல், அரசு ஆகியவற்றின் குடும்பம். அதே இனம் இந்தியாவிலும் வளர்கின்றது. பறவை இட்ட விதை ஒன்று வேறொரு மரத்தின் மேல் முளைத்து, வேரிறக்கி, தாங்கிய மரத்தையே நெரித்துக் கொன்றது. செத்த மரம் சாய்ந்து பக்கத்து மரத்தில் விழ, சாய்ந்த தண்டிலிருந்து இறங்கிய விழுதுகளே இன்று திரையாக நிற்கின்றன.

பாதையோரத்தில் ஆடையைப் பற்றி இழுக்கும் முட்கொடி ஒன்று உண்டு. "சற்றுப் பொறு" என்று இங்குள்ளோர் அதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். அது வேறொன்றுமன்று, முன்னாளில் எம் போன்ற ஆசிரியர்களின் கையிலிருந்த பிரம்பின் இனமே. கொட்டும் மரம் என ஒன்றுள்ளது. இதய வடிவான அதன் இலையைத் தொட்டால் நுண்ணிய மயிர்கள் தோலிற் பாய்ந்து நோவு நாள்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் நீடிக்கும். எமது ஊர்க் காஞ்சோண்டியையும் நாம் அறிவோம். ஆனால் இதன் கடுமை பன்மடங்கு. "அறியாத இலையைத் தொடாதே" என்று எமது அப்பாச்சிமார் சொன்ன விதி இங்கும் செல்லும்.

வன்னியிலே பாலை, முதிரை, வீரை என்று பட்டையைப் பார்த்தே பெயர் சொல்லத் தெரிந்த பெற்றோர் எமது பள்ளியில் இருக்கின்றனர். அந்த அறிவைப் பிள்ளைகள் இன்னும் கேட்டறியவில்லை. காட்டுப் பாதையிலே அது தானாக வாய்க்கு வரும்.

காட்டின் உரிமையாளர்

டெயின்ட்ரி தேசியப் பூங்காவை நினைத்தால் ஒரு போராட்டத்தையும் நினைக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் இறுதியிற் காட்டினூடாக வீதி அமைக்க மண்வாரி இயந்திரங்கள் வந்தபோது, மக்கள் மரங்களில் ஏறியும் மண்ணிற் புதைந்தும் வழிமறித்தனர். வீதி அமைக்கப்பட்டது உண்மையே. எனினும் அப்போராட்டம் நாடெங்கும் எழுப்பிய கவனம், 1988இற் கிடைத்த உலக மரபுரிமைப் பாதுகாப்புக்கு வழிவகுத்தது.

அதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கு வாழ்பவர்கள் கிழக்குக் குக்கு யலஞ்சி மக்கள். 2021ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் நாள், டெயின்ட்ரி உட்பட நான்கு தேசியப் பூங்காக்கள், 160,000 ஹெக்டேயருக்கும் மேற்பட்ட நிலம், அவர்களுடைய உரிமையாகத் திரும்ப ஒப்படைக்கப்பட்டன. இன்று அம்மக்களும் மாநில அரசும் இணைந்து பராமரிக்கின்றனர். மொஸ்மன் பள்ளத்தாக்கிலே அவர்களே வழிகாட்டிகளாக நடத்தும் நடைகள் உண்டு. முதலில் புகையூட்டி வரவேற்பர். அவர்களுடைய மொழியிற் "குக்கு" என்றால் பேச்சு, மொழி என்று பொருள். தம் மொழியாலேயே தம்மை அழைத்துக்கொள்ளும் மக்கள் அவர்கள். அம்மொழியைச் சில நூறு பேரே பேசுகின்றனர். ஒவ்வொரு வார இறுதியிலும் தமிழுக்காகப் பிள்ளைகளை அழைத்து வரும் நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அவர்களுடைய நிலத்தில் விருந்தினராக நடந்துகொள்வோம்.

செல்வோர் கவனிக்க

சிட்னியிலிருந்து கெயின்ஸ் நகருக்கு விமானத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். மே முதல் ஒக்டோபர் வரை மழை குறைந்த காலம். யூலை மாதப் பாடசாலை விடுமுறை இதனுள் அடங்கும். டிசெம்பர் முதல் ஏப்பிரல் வரை கடுமழையும் சூறாவளியும் உண்டாகலாம். 2023 டிசெம்பரில் வீசிய யஸ்பர் சூறாவளியோடு வந்த மழையில் மலைச்சரிவுகள் வீதிகளை மூடின. எனவே புறப்படுமுன் பாதைகள் திறந்துள்ளனவா என்று பூங்கா அலுவலகத்திற் கேட்டறிக.

முதன்முறை செல்வோர் மொஸ்மன் பள்ளத்தாக்கிலுள்ள 2.4 கிலோமீற்றர் வட்டப் பாதையைத் தெரிவு செய்யலாம். மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, மழைச்சட்டை, குடிநீர் ஆகியன தேவை. அட்டை கடித்தாற் பயப்பட வேண்டியதில்லை. டெயின்ட்ரி ஆற்றைப் படகுப் பாதையிற் கடந்தபின் பல இடங்களிற் கைப்பேசி இயங்காது. எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு விதி: வழி தவறினால் நடக்காதே, நின்ற இடத்திலேயே நில், உன்னைத் தேடி வருவோம்.

அந்த மரப்பலகைப் பாதையில் நாம் முதன்முதல் நடந்தபோது எம்மை அறியாமலே கால்கள் விரைந்தன. "ஏன் அப்பா இவ்வளவு கெதியா நடக்கிறீங்கள்? இஞ்சை ஒருத்தரும் துரத்தேல்லையே" என்றாள் மகள், விளையாட்டாக. நாம் நின்றோம். நின்ற பிறகுதான் அருவியின் ஓசை கேட்டது.

அச்சத்தை ஒரே நாளில் விட்டுவிடுமாறு எவரையும் நாம் கேட்கவில்லை. அந்த அச்சமே பலரின் உயிரைக் காத்தது. ஆனால் அச்சத்தோடு சேர்த்து, மரத்தின் பெயரையும் காற்றின் திசையையும் அறிந்துகொள்ளும் கண்ணையும் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். தனியே அனுப்பத் தயக்கமாயின் முதலிற் கூடவே செல்வோம். மாணவர்களுக்கு ஒரு பயிற்சியும் தருகின்றோம்: காட்டிற் கண்ட ஐந்து பொருள்களைத் தமிழில் எழுதி வாருங்கள், தமிழ்ப் பெயர் இல்லாதவற்றுக்குப் பெற்றோரோடு கலந்து ஒரு பெயர் வையுங்கள்.

இவ்வாண்டும் அம்மாணவனின் முகாமுக்கான அனுமதிப் படிவம் வந்துவிட்டது. அவனுடைய தாயார் இன்னும் கையொப்பம் இடவில்லை. இம்மலரை அவர் வாசிப்பார் என்பது எமக்குத் தெரியும்.