தீநிரலுக்கும் ஒரு தறி உண்டு

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டைக்குப் பேருந்தில் போனால், ஊருக்குள் நுழைந்ததுமே விசைத்தறிச் சத்தம் காதில் விழும். பழகிய தறிக்காரர் துணியின் இழையோட்டத்தைப் பார்த்தே அது எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். கணினி வைரஸ் போன்ற தீநிரல்களை இனம்பிரிக்கவும் இப்படியொரு கண் வந்திருக்கிறது.

2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற தீநிரல் சுமார் 150 நாடுகளில் பரவியது. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் அதற்குத் தப்பவில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க பிட்காயினில் பணம் கேட்கும் ரகம் அது.

பழைய ஆன்டிவைரஸ் கையில் வைத்திருப்பது, காவல் நிலையச் சுவரில் ஒட்டிய படங்களைப் போன்ற ஒரு பட்டியல். மீசையை மழித்துவிட்டு வருகிறவனை அது கோட்டை விட்டுவிடும். தீநிரல்காரர்களோ தினமும் மீசை மாற்றுகிறவர்கள்.

2011-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் லட்சுமணன் நடராஜும் குழுவினரும் வேறு வழி பார்த்தார்கள். எந்த நிரலும் அடியில் 0 முதல் 255 வரையிலான எண்களின் வரிசைதான். 0 கறுப்பு, 255 வெள்ளை, நடுவில் சாம்பல் என்று புள்ளி வைத்து வரிசைவரிசையாக அடுக்கினால் நிரல் படமாகிவிடுகிறது. ஒரே குடும்பத்துத் தீநிரல்களின் படங்கள், ஒரே தறியில் இறங்கிய துணிகளைப் போலவே இருந்தன! பழையதை வெட்டி ஒட்டித்தானே புதியதைச் செய்கிறார்கள். 25 குடும்பங்கள், 9,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள். நிரலை ஓடவிடாமலே, இழையமைப்பை மட்டும் ஒப்பிட்டு நூற்றுக்கு 98 முறை குடும்பத்தைச் சரியாகச் சொன்னது கணினி. யாரும் அதற்கு விதி எழுதித் தரவில்லை. பெயர் தெரிந்த மாதிரிகளைக் காட்டினார்கள், அவ்வளவுதான். கோவை அமிர்தா பல்கலைக்கழகத்திலும் இதே திசையில் ஆழ்கற்றல் ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

இப்படி மாதிரிகளைப் பார்த்துக் கற்ற கண்ணையும் ஏமாற்றலாம். 2019-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு கணினி விளையாட்டின் வரிகளைத் தீநிரலின் வாலில் ஒட்டினார்கள். அப்படிக் கற்ற ஆன்டிவைரஸ் ஒன்று அதை நல்ல பிள்ளை என்று உள்ளே விட்டுவிட்டது. சரிகைக்கரை ஒட்டிய கோணிப்பை! அதனால் நான் இதை முழுக் காவலாக நம்பமாட்டேன்.

வான்னாக்ரை புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை, அப்போது புழக்கத்திலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டிருந்தது. உங்கள் கணினி அப்டேட் கேட்டால், ‘பிறகு’ என்பதை அழுத்தாதீர்கள்.